உண்மையும் புறங்கூறலும்

ஒருவரைப் பற்றி மற்றொருவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை வந்துவிடுமா என்னும் வினாவுக்குச் சட்டமும் சமயமும் நெடுங்காலமாக வெவ்வேறு விடைகளைத் தந்து வந்திருக்கின்றன. இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபில், அதாவது நாடாளுமன்றம் இயற்றாமல் நீதிபதிகளின் தீர்ப்புகளாலேயே வளர்ந்த சட்ட மரபில், அவதூறுக்கு இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுக்கப்படும்போது, சொல்லப்பட்டது உண்மை என்று மெய்ப்பித்துவிட்டால் பொதுவாக வழக்கு அத்துடன் முடிந்துவிடும்; சொன்னவர் எந்த நோக்கத்தோடு சொன்னார், அதனால் எவருக்கு என்ன பயன் விளைந்தது என்பவை கேட்கப்படுவதில்லை. தகுதியில்லாமல் பெற்ற நற்பெயரை இழந்தவர் உண்மையில் எதையும் இழக்கவில்லை என்பது அம்மரபின் தருக்கம். சமய மரபுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தங்கள் விசாரணையையே தொடங்குகின்றன. பொய் கூறுதல் தீது என்பதில் அவற்றுக்குள் கருத்து வேறுபாடில்லை. உண்மையைக் கூறித் தீங்கு செய்யலாமா என்பதே அவை தமக்குள் எழுப்பிக்கொண்ட கடினமான கேள்வி. இன்றைய ஊடகச் சட்டத்தின் சிக்கல்கள் பலவும் இந்தப் பழைய கேள்வியின் புதிய வடிவங்களே.

இந்தியச் சட்டத்தில் இச்சிக்கலுக்குள் வந்து மோதும் கருத்துகள் மூன்று. முதலாவது கருத்துரிமை, அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு இதைக் குடிமக்களுக்கு வழங்குகிறது, 19(2) பிரிவு இதற்கு அரசு விதிக்கக்கூடிய நியாயமான கட்டுப்பாடுகளுக்கான காரணங்களை எண்ணிச் சொல்கிறது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு உள்ளிட்ட எட்டுக் காரணங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டாவது அவதூறு, அதாவது ஒருவரின் மதிப்பைப் பிறர் கண்ணில் குலைக்கும் கூற்று. மூன்றாவது அந்தரங்க உரிமை. தன் வாழ்வின் எந்தப் பகுதியைப் பிறர் அறியலாம் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை என்று இதை எளிமையாகச் சொல்லலாம். 19(2) பிரிவின் பட்டியலில் அந்தரங்கம் என்னும் சொல்லே இல்லை. உயிருக்கும் தன்னுரிமைக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவுக்குள் அது உறைந்திருக்கிறது என்று நீதிமன்றங்கள் படிப்படியாகக் கண்டறிந்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர். அவதூறுக்கும் அந்தரங்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கு மிக முக்கியமானது. உரிமையியல் வழக்கில் அவதூறுக்கு எதிரான கேடயம் உண்மை. அந்தரங்கம் மீறப்பட்டதாக வழக்கு வரும்போது அந்தக் கேடயம் பயன்படாது, ஏனென்றால் அங்கு முறையிடுபவரின் துயரமே வெளியானது உண்மை என்பதுதான்.

இந்த வேறுபாட்டை இஸ்லாமிய அறவியல் துல்லியமாக வகுத்து வைத்திருக்கிறது. ‘கீபத்’ என்னும் அரபுச் சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் புறம் பேசுதல் என்று வழங்குவர். ஒருவர் இல்லாத இடத்தில் அவர் வெறுக்கும் ஒன்றை அவரைப் பற்றிச் சொல்லுதல் என்பது நபிமொழி அதற்குத் தரும் விளக்கம். சொல்லப்பட்ட குறை அவரிடம் இருக்கவே செய்தால் என்ன என்று கேட்கப்பட்டபோது, இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அது இட்டுக்கட்டிய ‘புஹ்தான்’ என்னும் பொருள்பட நபியவர்கள் விடையளித்ததாக அம்மொழி தொடர்கிறது. ஆக, உண்மை என்பது இம்மரபில் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. எந்தக் குற்றம் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தில் 12ஆம் வசனம் வீண் ஐயத்தையும், பிறர் வாழ்வைத் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அடுத்தடுத்து விலக்குவது கவனிக்கத்தக்கது. ஐயம் துப்பறிதலாகி, துப்பறிதல் பேச்சாகும் அந்த வரிசை, ஒரு செய்தியறையில் தனிமனிதர் ஒருவரைப் பற்றிய செய்தி உருவாகும் வரிசையும்தான்.

அதே மரபு புறத்துக்கு விதிவிலக்குகளையும் வகுத்தது. 13ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் நவவி ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ என்னும் நூலில் ஆறு சூழல்களை எடுத்துரைக்கிறார்: அநீதிக்கு ஆளானவர் அதிகாரமுடையவரிடம் முறையிடுதல், ஒரு தீமையைத் தடுக்க உதவி தேடுதல், மார்க்கத் தீர்ப்புக் கேட்டல், பிறரை ஆபத்திலிருந்து எச்சரித்தல், வெளிப்படையாகத் தீமை புரிபவரின் அத்தீமையைச் சொல்லுதல், வேறு பெயரால் அறியப்படாத ஒருவரை அடையாளம் காட்டுதல் ஆகியவை அவை. மெக்காலேயின் வரைவிலிருந்து 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு அவதூறுக்குப் பத்து விதிவிலக்குகளை வைத்திருந்தது. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு குற்றச்சாட்டைத் தெரிவிப்பது எட்டாவது, மற்றவர் நன்மைக்காக எச்சரிப்பது பத்தாவது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்று கொள்ளச் சான்றில்லை. மனிதர் ஒருவரையொருவர் நம்பி வாழவும் வேண்டும், ஒருவரிடமிருந்து ஒருவர் தப்பவும் வேண்டும் என்னும் இரட்டைத் தேவையைக் கூர்ந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடங்களில் வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

யூத அறநெறியிலும் உண்மையான பழியுரைக்கும் பொய்யான பழியுரைக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சமண மரபு இன்னும் வியப்பூட்டுவது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் ஏற்கும் வாய்மை நோன்புக்கு நேரும் ஐந்து வழுக்களை ஏழாம் அத்தியாயத்தில் கூறுகிறது. பொய் ஆவணம் புனைவதோடு, பிறர் மறைவில் செய்ததை வெளியிடுவதும் அந்த ஐந்தில் ஒன்று. மறைவில் நிகழ்ந்தது உண்மையாகவே நிகழ்ந்தது. அதை வெளியிட்டவர் ஓரெழுத்தும் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் தவறியது பிற நோன்புகளில் அன்று, வாய்மை நோன்பிலேயே என்று சமணம் கருதுகிறது. மற்றவரின் நம்பிக்கையைக் குலைக்கும் சொல் மெய்ச்சொல்லாக முடியாது என்னும் ஆழமான கருத்து இதனுள் இருக்கிறது. பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தின் 58ஆம் சூத்திரமான அபயராஜகுமார சூத்திரம் இதையே ஒரு வரையறையாக்குகிறது. மெய்யாக இருந்தும் பயன் தராத சொல்லைப் புத்தர் சொல்வதில்லை. மெய்யாகவும் பயனுடையதாகவும் இருந்து கேட்பவருக்குக் கசக்கும் சொல்லைக் காலமறிந்து சொல்வார். மடியிலிருக்கும் குழந்தை கல்லை விழுங்கப்போனால் இரத்தம் வந்தாலும் விரலை விட்டு அதை எடுப்பது பரிவினால்தான் என்னும் உவமை அங்கு வருகிறது. மென்மையாகப் பேசுவதே அறம் என்று அந்தச் சூத்திரம் சொல்லவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. எவரைக் காக்க அந்த விரல் நீள்கிறது என்பதையே அது கேட்கிறது.

மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் கண்ணன் அருச்சுனனுக்குக் கூறும் கௌசிகன் கதை இவ்விசாரணையின் மிகக் கடுமையான வடிவம். உண்மை தவிர வேறு பேசுவதில்லை என்று உறுதி பூண்ட கௌசிகன் என்னும் தவசி, கொள்ளையருக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஒளிந்த மக்கள் சென்ற வழியை, பின்தொடர்ந்து வந்த கொள்ளையர் கேட்டதும் உள்ளபடி சொல்லிவிடுகிறான், மக்கள் கொல்லப்படுகின்றனர், தன் வாய்மையில் குறைவின்றி வாழ்ந்த அவன் நரகம் அடைகிறான். தரவுகளை உள்ளபடி வெளியிட்டோம், விளைவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லும் எந்த ஊடகமும் இந்தக் கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

திருக்குறள் இக்கேள்வியை அணுகும் முறையில் ஒரு நுட்பமான பகுப்பு இருக்கிறது. வாய்மை என்பது நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறல் என்று வள்ளுவர் வரையறுக்கவில்லை. எவர்க்கும் தீங்கு தராத சொல் என்பதே 30ஆம் அதிகாரம் வாய்மைக்குத் தரும் இலக்கணத்தின் சாரம். புறங்கூறாமை 19ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைக்கப்பட்டிருக்கிறது. அண்டை அயலாரோடும் சுற்றத்தாரோடும் கூடி வாழ்பவருக்கே அந்த விலக்கு முதன்மையானது. பொருட்பாலில் அரசன் வந்ததும் தொனி மாறிவிடுகிறது. தன் காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் வேந்தனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்னும் கருத்து இறைமாட்சி அதிகாரத்தில் வருகிறது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பதற்குப் பகைவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்னும் கருத்து பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வருகிறது. அயலானைப் பற்றிப் பேசும்போது அடக்கம் வேண்டும், ஆள்பவனைப் பற்றிப் பேசும்போது துணிவு வேண்டும். இரண்டையும் ஒரே நூல் ஒன்றோடொன்று முரணாமல் சொல்கிறது. சொல்லப்படுபவரிடம் உள்ள அதிகாரத்தின் அளவே சொல்பவரின் கடமையை மாற்றுகிறது என்று இதைப் புரிந்துகொள்வது உரை வலிந்து கொண்டதாகாது.

இதைவிடவும் தமிழுக்கே உரிய ஒரு சிந்தனை தொல்காப்பியத்தின் அகப்பொருள் இலக்கணத்தில் உண்டு. அன்பின் ஐந்திணையைப் பாடும் பாட்டில் தலைவனுக்கோ தலைவிக்கோ இயற்பெயர் சுட்டக் கூடாது என்பது அந்த விதி. காமமும் ஊடலும் பிரிவும் பாடப்படலாம். எவருடையவை என்று மட்டும் சொல்லப்படக் கூடாது. பெயர் வந்துவிட்டால் பாட்டு அகத்திலிருந்து விலகிப் புறமாகிவிடும், அங்கு மன்னர்களும் வள்ளல்களும் பெயரோடு புகழப்படுவர், பெயரோடு கடிந்துரைக்கவும் படுவர். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை முழுவதும் பிரிவுத்துயரைப் பாடுவது. அதில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் பாசறையிலுள்ள தலைவனோடு வரும் வேலில் வேம்பு சூட்டியிருப்பதாக வரும் ஒரு குறிப்பு, வேம்பு பாண்டியரின் அடையாளப் பூவாதலால், அவன் இன்னான் என்று காட்டிக்கொடுத்துவிட்டது என்றும், அதனாலேயே அது புறப்பாட்டாயிற்று என்றும் உரை மரபு கொள்கிறது. பெயரை மறைத்தால் மட்டும் போதாது, ஆளைக் காட்டும் சிறு அடையாளமும் பெயருக்கு நிகர் என்பதை அந்த உரையாசிரியர் மரபு உணர்ந்திருந்தது.

இக்கால ஊடகச் சட்டத்தில் இதற்கு ஒப்பான விதி பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் இருக்கிறது. அதன் 23ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல் குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று தொடர்ந்து, அடையாளம் தெரிய வழிவகுக்கும் வேறெந்த விவரத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. வளர்ந்த பெண்களுக்கு இதே காப்பை இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983இல் சேர்க்கப்பட்ட 228அ பிரிவு தந்தது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்ட பின்னரும் அந்தக் காப்புத் தொடர்கிறது என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஊரையும் தெருவையும் தந்தையின் தொழிலையும் எழுதும் வழக்கம் இன்னும் அச்சிலும் தொலைக்காட்சியிலும் காணப்படுகிறது. அப்படி எழுதுபவர், சிற்றூர் ஒன்றில் அந்த வேம்பைக் கண்டுகொள்ள எவருக்கும் உரையாசிரியர் தேவையில்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தொல்காப்பியர் அந்தரங்க உரிமையைச் சட்டமாக்கினார் என்று இங்குச் சொல்ல வரவில்லை. ஒருவரின் அகவாழ்வைப் பற்றிப் பேசுவதால் சமூகம் தன்னை அறிந்துகொள்ளலாம், அதற்கு அந்த ஒருவரைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை என்னும் தெளிவு அவ்விலக்கணத்தில் இருக்கிறது என்பதே சொல்ல வருவது.

மேலை நாடுகளில் அந்தரங்கம் தனியொரு சட்டக் கருத்தாகப் பேசப்பட்டது மிகவும் பிற்பட்டே. சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைஸும் 1890இல் ஹார்வர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரையே அதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. உடனடி நிழற்படமும் விற்பனைப் போட்டி மிகுந்த நாளேடுகளும் வீட்டு வாழ்வுக்குள் புகுந்துவிட்டன என்பது அவர்களின் கவலை, அந்தரங்கத்தை மீறியவருக்கு உண்மை ஒரு தற்காப்பாகாது என்பது அவர்களின் துணிபு. அமெரிக்க நீதிமன்றங்கள் அதை அவ்வளவு உறுதியாகப் பின்பற்றவில்லை. பதினொரு வயதில் ஹார்வர்டில் சேர்ந்து குழந்தை மேதை என்று போற்றப்பட்ட வில்லியம் சைடிஸ், பிறகு புகழை வெறுத்து ஒதுங்கி, எளிய எழுத்தர் வேலைகள் பார்த்து வாழ்ந்தார். 1937இல் ‘தி நியூ யார்க்கர்’ அவரது அறையின் நிலைமை வரை எழுதிவிட்டது. வழக்கை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்டுரை இரக்கமற்றது என்பதை ஏற்றுக்கொண்டே, ஒருகாலத்தில் பொதுமக்கள் ஆர்வம் கொண்டிருந்த மனிதர் என்பதால் 1940இல் அவரது அந்தரங்க உரிமைக் கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. அவர் 1944இல் தம் 46ஆம் வயதில் இறந்தார். மக்களுக்கு ஆர்வமூட்டுவது வேறு, மக்களுக்கு நலம் தருவது வேறு என்னும் வேறுபாடு அந்தத் தீர்ப்பில் தவறிப்போயிற்று. சட்டத்தில் அது சரியாக இருக்கலாம், அறத்தில் அது சரியன்று.

இந்தியாவில் கருத்துரிமை, அவதூறு, அந்தரங்கம் ஆகிய மூன்று கருத்துகளும் ஒரே வழக்கில் சந்தித்துக்கொண்டது தமிழ் இதழ் ஒன்றின் வாயிலாகத்தான். ஆறு கொலைகளுக்காக 1991 மே 31 அன்று செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் என்னும் கௌரி சங்கர், சிறையிலிருந்தபடியே தன் வரலாற்றை எழுதியதாகவும், தன்னோடு தொடர்பு வைத்திருந்த உயர் அதிகாரிகள் சிலரின் பெயர்கள் அதில் இருப்பதாகவும் கூறி ‘நக்கீரன்’ வார இதழ் அதைத் தொடராக வெளியிட முன்வந்தது. அந்தக் கைதி அப்படி எதையும் எழுதவில்லை என்று கூறிச் சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூன் 15 நாளிட்ட கடிதத்தில் வெளியீட்டை நிறுத்தக் கேட்டுக்கொண்டார். இதழின் ஆசிரியர் ஆர். ராஜகோபாலும் இணையாசிரியர் ஏ. காமராஜும் உச்ச நீதிமன்றம் சென்றனர். நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி. சென் இருவரும் 1994 அக்டோபர் 7 அன்று அளித்த தீர்ப்பு இன்றுவரை இந்திய ஊடகச் சட்டத்தின் நடுத்தூண்.

தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அத்தீர்ப்பு தொடங்குகிறது. ஒருவரின் குடும்பம், மணவாழ்வு, மகப்பேறு, கல்வி போன்றவற்றைப் பற்றி அவரது ஒப்புதல் இல்லாமல் எழுதக் கூடாது. எழுதியது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டில்லை. அடுத்து ஒரு விதிவிலக்கு: நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். அந்த விதிவிலக்குக்கும் ஒரு விலக்கு: பாலியல் வன்முறைக்கும் ஆள்கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயர் பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. பிறகு தீர்ப்பு அதிகாரிகளிடம் வருகிறது. பொறுப்பிலுள்ள அதிகாரி, தம் அலுவல் சார்ந்த நடத்தையைப் பொறுத்தவரை, வெளியான செய்தி பொய்யாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் அது வெளியிடப்பட்டது என்று நிறுவினாலன்றி இழப்பீடு கேட்க முடியாது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் அவதூறுக்கு இழப்பீட்டு வழக்கே தொடர முடியாது. வெளியாவதற்கு முன்பே ஓர் எழுத்தைத் தடுப்பதற்கு, சட்ட மொழியில் முன்தடை எனப்படுவதற்கு, அதிகாரிகளுக்கு எந்த அதிகாரமும் இல்லை. தமக்குத் தீங்கு நேர்ந்ததென்று கருதினால் வெளியான பின்னர் வழக்குத் தொடரலாம். அமெரிக்காவின் சல்லிவன் வழக்கையும் (1964) இங்கிலாந்தின் டெர்பிஷையர் வழக்கையும் (1993) துணைக்கொண்டு இந்த முடிவுகள் எட்டப்பட்டன. ஆயினும் அயலானிடம் அடக்கமும் ஆள்பவனிடம் துணிவும் என்னும் வள்ளுவப் பகுப்போடு இவை பெரிதும் ஒத்துப்போகின்றன.

அந்த வழக்கில் இன்னொரு செய்தியும் புதைந்திருக்கிறது. எழுத்தைத் தடுக்க முன்வந்தவர் அந்தக் கைதி அல்லர், சிறைத்துறை. அவர் வழக்கில் தரப்பாகவே சேர்க்கப்படவில்லை; 1995 ஏப்ரலில் சேலம் மத்திய சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஒருவரைக் காப்பதாகச் சொல்லி அவரது வாயையே அடைக்க அதிகாரம் முயலக்கூடும் என்பதை அந்த நிகழ்வு காட்டுகிறது. அந்தரங்கத்தைக் காக்க விரும்புகிறவர் எவரும் இந்த ஆபத்தைப் பாராமல் இருக்க முடியாது.

இங்கிருந்து குற்றவியல் அவதூறுக்கு வரலாம். 499ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு, சொல்லப்பட்டது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொல்வது பொதுநலத்துக்காகவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்டது. இழப்பீட்டு வழக்கில் உண்மை போதும். சிறைக்கு அனுப்பக்கூடிய வழக்கில் உண்மை போதாது. மேலோட்டமாகப் பார்த்தால், மெய்யோடு பயனையும் கேட்ட புத்தருக்கும், வாய்மையைத் தீங்கின்மையாகக் கண்ட வள்ளுவருக்கும் இந்தப் பிரிவு நெருக்கமானதாகத் தோன்றும். 2016 மே 13 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை அரசியலமைப்புக்கு உட்பட்டதென்று உறுதி செய்தபோது, நற்பெயரும் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வின் ஒரு கூறே என்று கூறியது. அந்தக் கருத்தில் உண்மை இருக்கிறது. உடைமை இல்லாத ஏழைக்கும் பெயர் என்று ஒன்று இருக்கிறது. அதை இழந்தவருக்கு ஊரில் வேலையும் உறவும் கிடைப்பதில்லை.

ஆனால் சமயங்கள் கேட்ட கேள்வியையும் தண்டனைச் சட்டம் கேட்கும் கேள்வியையும் ஒன்றென்று கொள்வது பெரும்பிழை. இது பயன் தருமா, இது எவரைக் காக்கும் என்று சமயம் கேட்பது பேசப்போகிறவரின் மனச்சான்றிடம். அவர் வாய் திறப்பதற்கு முன், அவரே அவருக்கு நீதிபதியாக இருக்கும் தனிமையில். அதே கேள்வியைக் குற்றவியல் நடுவரின் கையில் கொடுத்து, இரண்டாண்டு வரை சிறையை அதன் பின்னால் நிறுத்தி, மெய்ப்பிக்கும் சுமையை எழுதியவர் தலையில் ஏற்றும்போது அது அறத்தின் கேள்வியாக நீடிப்பதில்லை. எது பொதுநலம் என்பதை அங்குத் தீர்மானிப்பது அரசின் ஓர் அங்கம். பெரும்பாலும் அதன் முன் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர் அரசைக் குறைகூறியவர். அமைச்சர்களையும் அரசு ஊழியர்களையும் அவர்தம் பணி குறித்து விமர்சித்ததற்கு, அரசு வழக்கறிஞரே நேரடியாக அமர்வு நீதிமன்றத்தில் முறையீடு செய்ய வழி இருப்பதால், பொதுப் பணத்தில் பொதுமக்களின் கேள்விக்கு எதிராக வழக்கு நடக்கிறது. அடுத்தடுத்து வந்த தமிழக அரசுகள் இந்த வழியைத் தாராளமாகவே பயன்படுத்தின. 2020 மே மாதம் பத்திரிகை ஆசிரியர்கள் மீதான இத்தகைய வழக்குகளை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், அரசு என்பது சாதாரண குடிமகனைப் போல உணர்ச்சிவசப்பட்டு வழக்குத் தொடரக் கூடாது, பெற்றோரின் பொறுமை அதற்கு வேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டது. செவி கைக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தனைப் பற்றிய வள்ளுவரின் எதிர்பார்ப்பும் அதுவே. வாய்தா வாய்தாவாக வேறோர் ஊர் நீதிமன்றத்துக்கு அலையும் சிற்றிதழாளருக்குத் தண்டனை தீர்ப்பு நாளில் தொடங்குவதில்லை என்பதை வழக்காடு மன்ற நடைமுறை அறிந்தவர் எவரும் மறுக்க மாட்டார்கள்.

அந்தரங்கமும் இதே வகையில் வலியவரின் மதிலாக மாறக்கூடும். 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஜெ) பிரிவு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத் தர மறுக்கலாம் என்றதோடு, பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம் என்றும் அப்பிரிவுக்குள்ளேயே கூறியிருந்தது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு எஞ்சியிருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் ஓர் அதிகாரியின் சொத்து விவரத்தையும் ஓர் அன்றாடக் கூலித் தொழிலாளியின் நோய் விவரத்தையும் ஒரே சொல்லின் கீழ் வைப்பது, அகத்துக்கும் புறத்துக்கும் இடையிலிருந்த கோட்டையே அழிப்பதாகும். பதவியும் பொதுப் பணமும் கைக்கொண்டவர் அந்த அளவுக்குப் புறத்துக்கு வந்துவிட்டவர்; அவரது பெயர் சொல்லப்படத்தான் வேண்டும்.

எனவே கோடு எங்கு விழ வேண்டும் என்பது தெளிவு. அதிகாரம் இல்லாதவரின் அகவாழ்வுக்குச் சட்டக்காப்பு முழுமையாக இருக்க வேண்டும், அங்கு உண்மை ஒரு சாக்காகக் கூடாது. அதிகாரம் உடையவரின் பொதுநடத்தை முழுவதும் பேச்சுக்குத் திறந்திருக்க வேண்டும், அங்கு எழுதியவர் செய்யும் நேர்மையான பிழைகூடப் பொறுக்கப்பட வேண்டும். பொய்யால் கெட்ட பெயருக்கு இழப்பீடும் திருத்தமும் மறுப்பு வெளியிடும் உரிமையும் போதும், சிறை வேண்டியதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தை எழுதிய ஆட்சியின் தாயகமான இங்கிலாந்து குற்றவியல் அவதூறை 2009இல் சட்டமியற்றி நீக்கிவிட்டது. 1883இல் ஏறத்தாழ அதே வடிவில் தண்டனைச் சட்டம் பெற்ற இலங்கை 2002இலேயே நீக்கிவிட்டது. இந்திய நாடாளுமன்றம் 2023இல் பழைய சட்டத்தை முற்றாக மாற்றி எழுதியபோது 499ஆம் பிரிவைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக வைத்துக்கொண்டது. சமூக சேவை என்னும் மாற்றுத் தண்டனை சேர்ந்தது, உண்மையோடு பொதுநலத்தையும் எழுதியவரே நிறுவ வேண்டும் என்னும் சுமை அப்படியே இருக்கிறது. அந்தப் பிரிவு நீக்கப்பட வேண்டும். குழந்தைகளின் பெயரையும் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரையும் காக்கும் பிரிவுகள் ஓரெழுத்தும் குறையாமல் நிலைக்க வேண்டும்.